செங்கல் மேல் நின்ற வண்டி

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் பஸ்ஸில் வீராசாமி மடியில் ஒரு டயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சென்னம்மா, இந்த மனிதரை யாரென்றே தெரியாது என்பதுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்து டயரைப் பார்த்தார், வீராசாமியைப் பார்த்தார், டயருக்கும் அரை டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

"கொழந்த கணக்கா மடில வச்சிக்கினு வரேன், இதுக்குமா டிக்கெட்டு?" என்று வீராசாமி கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. சென்னம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த டயர் 1952-ஆம் வருஷத்து மாரிஸ் மைனர் காருடையது. பட்டன் எல்லாம் தேய்ந்து, பக்கமெல்லாம் பாளம்பாளமாக வெடித்து, உள்ளே நூல் தெரிந்தது. மற்ற மூன்றும் இதைவிட மோசம். சைஸை வாயால் சொன்னால் இப்போது எந்தக் கடைக்காரனுக்கும் புரிவதில்லை, கையோடு கொண்டுபோய்க் காட்டினால்தான் உண்டு என்று வீராசாமி குடிபாலாவிலிருந்து அதைச் சுமந்துகொண்டு கிளம்பியிருந்தார்.

கார் குடிபாலாவில் அவர்கள் வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில், நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் நின்றது. நின்று ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அது பாலசுந்தரம் ஐயாவின் கார். குடிபாலாவில் பாதி நிலமும் சித்தூரில் ரைஸ் மில்லும் அவருக்கு இருந்தன. இருபத்தேழு வருஷம் வீராசாமிதான் டிரைவர். 93-இல் மில்லை விற்றுவிட்டு அமெரிக்காவில் மகனோடு இருக்கப்போன அன்று, "வீராசாமி, வண்டிய நீயே வச்சிக்கோப்பா" என்று ஐயா ஆர்.சி. புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வருஷம் கழித்து அங்கேயே இறந்தும் போனார்.

ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாறிவிட்டது. வீராசாமியின் வாயில்தான் மாறவில்லை. இன்றைக்கும் அது "ஐயா வண்டி"தான். வெள்ளிக்கிழமை தோறும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்வார். வண்டி உறுமும். கால் மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கேயோ போய்வந்த களைப்போடு இறங்குவார். ஏன் ரோட்டுக்கு எடுப்பதில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "டயர் கெடைக்கல."

ஆறு வருஷமாக சென்னம்மாவும் அதை விட்டுவிட்டாள். இப்போதுதான் பிடித்துக்கொண்டாள்.

காரணம் அவர்கள் மகள் ரூபா. போன வாரம் வலி எடுத்து சித்தூருக்குக் கொண்டுபோனால், குழந்தை குறுக்கே கிடக்கிறது, திருப்பதிக்குப் போய்விடுங்கள் என்றார்கள். மருமகன் ரமணா குவைத்தில் எவனுக்கோ கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கிடைத்த ஜீப்பில் ஏற்றினார்கள். எழுபது கிலோமீட்டரும் பள்ளம் பள்ளமாக விழுந்து எழுந்து, ரூபா அம்மாவின் கையைக் கடித்த பல்தடம் இன்னும் ஆறவில்லை. ஆபரேஷன் செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று செவ்வாய்.

"தையல் போட்ட ஒடம்பு. அந்த ஜீப்புல இன்னொரு வாட்டி என் பொண்ண ஏத்த மாட்டேன். அவ நைனா வண்டி எதுக்குச் செங்கல் மேல நிக்குது?" என்று சென்னம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே கேட்டுவிட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் இருபத்துநாலு வருஷத்துப் புண் ஒன்று இருந்தது. ரூபா வயிற்றில் இருந்தபோது, சித்திரை வெயிலில், மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. ஐயா வீட்டு வேப்பமரத்தடியில் இதே கார் கழுவித் துடைத்து நின்றது. வீராசாமி ஓடினார். ஐயா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அரை மணி நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "ஐயா தூங்கறாரு," என்றார். அவ்வளவுதான். மாட்டுவண்டியைப் பூட்டினார்கள். சித்தூர் ரோட்டில் பாதி வழியில், ஒரு மதகுக்குப் பக்கத்தில் ரூபா பிறந்தாள்.

ஐயா எழுந்ததும் விஷயம் கேட்டு, "அட பாவி, என்னை எழுப்பியிருக்கலாமே" என்றாராம். அதைக் கேட்ட பிறகுதான் சென்னம்மாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் ஐயா மேல் இல்லை.

நேற்றே சித்தூரில் ஒரு கடை பார்த்தாயிற்று. பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்றார்கள். வீராசாமி காது கொடுத்தும் கேட்கவில்லை. இன்று ரேணிகுண்டா ரோட்டில் சிட்டிபாபுவின் டயர் கடை. சம்பந்தியம்மாவை ரூபா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, குடிபாலாவிலிருந்து வந்து இறங்கிய இவரோடு அடுத்த பஸ் ஏறினாள் சென்னம்மா. தனியாக விட்டால் வெறுங்கையோடு திரும்புவார் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கடைசிப் பஸ்ஸில் மட்டும் கூட வந்ததால் டயரோடு வந்த அவமானமும் பாதிதான்.

"ரண்டி ரண்டி, கூர்ச்சோண்டி," என்று வரவேற்ற சிட்டிபாபு, டயரைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெரியவரே, இத எந்த மியூசியத்துல புடிச்சீங்க? இப்ப ஊரெல்லாம் மாருதி. பன்னண்டு இஞ்சு கேளுங்க, நூறு தரேன். பதினாலு இஞ்சுக்கு நான் எங்க போவேன்?"

ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். உள்ளே போய் இரண்டு தினுசு கொண்டுவந்து போட்டார். ஒன்று பழைய ஃபியட் கார்களுக்கு வந்த நைலான் டயர். அந்தக் கார்கள் குறைந்துபோனதால் தங்கிவிட்டவை. மற்றது புது மாதிரி ரேடியல். கொஞ்சம் அகலம், ஆனால் இந்த வீலில் உட்காரும் என்றார்.

வீராசாமி குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ரேடியலின் ஓரத்தை மடக்கி விட்டுப் பார்த்தார். சிட்டிபாபு சொல்லாமலே, எந்த நைலான் டயர் வெயில் படும் இடத்தில் கிடந்தது என்று கண்டுபிடித்துத் தனியே தள்ளி வைத்தார். சிட்டிபாபுவே வாயைப் பிளந்தார். சென்னம்மாவுக்குப் பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அதற்குமேல் நகரவில்லை. நைலானை எடுத்தால் இறுகிப்போயிருக்கிறது என்பார். ரேடியலை எடுத்தால், "ஐயா எப்பவும் நைலான்தான் போடுவாரு" என்பார். மறுபடி நைலான். மறுபடி ரேடியல். டீ வந்தது, டம்ளர்கள் திரும்பிப் போயின. வேறு மூன்று பேர் வந்து டயர் வாங்கிக்கொண்டு போயும்விட்டார்கள்.

"எது வேணும், ஒண்ணு சொல்லுங்க பெரியவரே," என்றார் சிட்டிபாபு கடைசியில்.

வீராசாமி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஐயாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்து சொல்லிடறேங்க," என்றார்.

சென்னம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிட்டிபாபுவுக்கு என்ன தெரியும்? "அதுக்கெதுக்கு ஊர் வரைக்கும் போறீங்க? இதோ, இங்கருந்தே கேளுங்க," என்று மேஜையிலிருந்த போனை நகர்த்தி வைத்தார்.

வீராசாமி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். ஒரு விரல் எண்களுக்கு மேலே போய் நின்றது. அப்படியே நின்றது. யாருக்குப் போன் செய்வது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

கத்தத்தான் சென்னம்மாவுக்கு வாய் வந்தது. செத்து மூணு வருஷமான மனுஷனைக் கேட்டுத்தான் டயர் வாங்குவாயா என்று கடை முழுக்கக் கேட்கும்படி. ஆனால் அந்த விரலைப் பார்த்தாள். இன்னும் ஓர் எண்ணையும் தொடவில்லை. இருபத்தேழு வருஷம் அந்த வண்டிக்கு டயரோ பேட்டரியோ, ஒரு துடைக்கிற துணியோகூட இந்த மனிதர் தேர்ந்தெடுத்ததில்லை. ஐயா சொல்வார், இவர் "சரிங்க" என்பார். டயர் கிடைக்கவில்லை என்று ஆறு வருஷம் சொன்னதற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. இது வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. அவள்மீது அவளுக்கே கோபம் வந்தது, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று. பாவமாகவும் இருந்தது.

பக்கத்தில் போய் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"ஐயா தூங்கறாரு, ரூபா நைனா," என்றாள் மெதுவாக. "எழுப்ப வேணாம். நீயே சொல்லு."

வீராசாமி திரும்பிப் பார்த்தார். அது யாருடைய வார்த்தை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கண் கலங்கிவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு, டயர்களுக்கு முன்னால் மறுபடி குந்தி உட்கார்ந்தார்.

"ரேடியல் போட்டா பின்னாடி ஒக்கார்றவங்களுக்குக் குலுக்காதா?"

"மெத்துனு போவும். ஆனா ஸ்டீரிங் கனக்கும். மெதுவாப் போறப்ப திருப்பணும்னா கை நோவும், சொல்லிட்டேன்."

"என் கைதான, நோவட்டும். ரேடியலே குடு."

"நாலுதானே?"

"ஸ்டெப்னியோட அஞ்சு. பச்சக் கொழந்தய வச்சிக்கினு ரோட்டுல நிக்க முடியாது," என்றார் வீராசாமி, இத்தனை வருஷமாக டயர் வாங்கியே பழகியவர் மாதிரி.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் கார் வந்து நின்றது. அகலமான புது டயர்களில், சின்ன உடம்புக்குப் பெரிய செருப்பு மாட்டியதுபோல இருந்தது. ரூபா குழந்தையோடு பின் ஸீட்டில் ஏறினாள். சென்னம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளாக அந்த ஸீட்டைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஐயா பின்னால் இருக்கும்போது டிரைவர் பேசக்கூடாது. இன்று வீராசாமி வாயை மூடவில்லை. சந்திரகிரி தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும், "நோவுதாம்மா? நோவுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "இல்ல நைனா" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ரூபா தூங்கியே போய்விட்டாள்.

சித்தூர் தாண்டி குடிபாலா ரோட்டில் ஏறியதும் அவர் பேச்சு நின்றது. கொஞ்ச தூரத்தில் வண்டியும் ஓரம் கட்டி நின்றது. பஞ்சர்தான் என்று நினைத்து சென்னம்மா வெளியே எட்டிப் பார்த்தாள். மதகு.

வீராசாமி இறங்கிவந்து அவள் பக்கத்து ஜன்னலில் கை வைத்து நின்றார்.

"அன்னிக்கி எழுப்பி இருக்கணும் நானு," என்றார்.

ரூபா கண் விழித்து, "யார நைனா?" என்று கேட்டாள். இந்த ஒரு விஷயத்துக்காக சென்னம்மா இருபத்துநாலு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ பேசி வைத்திருந்தாள். இப்போது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறுய்யா. கொழந்த மூஞ்சில வெயில் படுது."

வீராசாமி வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். போகிற போக்கில் குனிந்து ஒரு டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடே ஆவல, பாத்தியா?" என்றார் அவளிடம். "நம்ம வண்டிக்கு இதான் சரி."