கீழ்பிடி

பயில்வான் என்று அவனுக்குப் பேர் வைத்தவர்கள் உடம்பைப் பார்த்து வைக்கவில்லை, உடம்பு இல்லாததைப் பார்த்து வைத்தார்கள். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கூட்டத்தில் அவன் சேர்ந்த புதிதில், சட்டை அவன் மேல் கொடியில் காயப்போட்ட மாதிரித் தொங்கும். அந்த உடம்புதான் வாஷிங் மெஷினை முதுகில் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று மூன்று மாடி ஏறும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளந்துவிட்டு, "பாத்துப்பா, சுவத்துல இடிச்சிடாதே" என்பார்கள். அவ்வளவுதான் மரியாதை.

கூட்டத்தில் அவனுக்கு ஜோடி அவனுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து மூன்று வேளை சோறு போடுவதும் அவர்தான். மாமா அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் பாதி கிண்டலாக இருக்கும்.

ஜோடி என்றால் சும்மா சேர்ந்து திரிவது இல்லை. கனமான சாமானை மாடிக்கு ஏற்றும்போது ஒருத்தன் மேலே நின்று பின்பக்கமாகவே படி ஏறுவான். அது மேல்பிடி. இன்னொருத்தன் கீழே நின்று தாங்கிக்கொண்டு வருவான். அது கீழ்பிடி. மேல்பிடிக்காரன் வழியைப் பார்க்கிறான், கீழ்பிடிக்காரன் கனத்தைப் பார்க்கிறான். சாமான் சாயச் சாயப் பாரமெல்லாம் கீழேதான் இறங்கும். அதனால் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. படி திரும்புகிற இடத்தில் கீழே இருப்பவன் 'மாத்து' என்று சொன்னால், மேலே இருப்பவன் சாமானை இறக்கிவைத்து இடம் மாற வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் கத்தினாலும் மாற வேண்டும், மேஸ்திரி கத்தினாலும் மாற வேண்டும். பெற்றவள் பேச்சைக் காதில் வாங்காத தறுதலைகூட அந்த ஒரு சொல்லைத் தட்டமாட்டான்.

ஒரு நாள் ஒரு ஜிம்முக்கு மெஷின்கள் இறக்கப் போனார்கள். இரும்புத் தட்டுகளைப் பயில்வான் தட்டுமுட்டுச் சாமான் மாதிரி அள்ளிக்கொண்டு போவதை ஜிம் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"உன்கிட்ட பலம் இருக்கு, ஷேப் இல்ல. உடம்பை ஏத்திக்கிட்டு வா. அடுத்த கிளை தொறக்கும்போது கோச் வேலை தர்றேன். இந்தத் தொழில்ல கோச்சோட உடம்புதான்பா கடை போர்டு" என்றார்.

வேறொருத்தனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். பயில்வானுக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. காரணம் மேஸ்திரியின் இடுப்பு. மேஸ்திரியும் ஒரு காலத்தில் தூக்கியவர்தான். இப்போது செருப்பு கழன்றால் குனிய முடியாமல் காலாலேயே துழாவி மாட்டிக்கொள்வார். அவருக்கு முன்னால் இருந்தவர் படுத்த படுக்கையாகவே போய்ச் சேர்ந்தார். இடுப்பு நேராக இருக்கும்போதே படியை விட்டு இறங்கிவிட வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை முடிந்த கையோடு ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அங்கே ஏற்கெனவே இருந்த கோச் சில வாரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பகலெல்லாம் தூக்குறே, சாயங்காலமும் வந்து தூக்குறே. அப்புறம் உடம்பு எப்ப வளரும்? தசை தூக்கும்போது வளராதுப்பா, சும்மா இருக்கும்போதுதான் வளரும். உன் வேலையில எங்கயாவது ஓய்வைக் கண்டுபிடி."

நல்ல யோசனைதான். லாரி ஓட்டுகிறவனைப் பார்த்து உட்காராமல் ஓட்டு என்று சொன்ன மாதிரி.

ஆனாலும் அவன் விடவில்லை. மாதக் கடைசியில் ஊரே வீடு மாறும். அப்போது ஜிம்மில் கைக்கு மட்டும் பயிற்சி. நடு மாதத்தில் வண்டி சும்மா நிற்கும். அப்போது கால், முதுகு, நெஞ்சு எல்லாம். நாளைக்குப் போகிற கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால் இன்றைக்குக் காலுக்கு ஸ்குவாட், இல்லாவிட்டால் கிடையாது. மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து, எந்தத் தெரு, எத்தனை மாடி என்று முன்னாடியே கறந்துவிடுவான். "இந்த அக்கறையைப் பள்ளிக்கூடத்துல காட்டியிருந்தா இந்நேரம் ஏசி ரூம்ல உக்காந்திருப்பே" என்றாள் அக்கா.

அவளும் தன் பங்குக்குச் செய்தாள். வீட்டில் முட்டை வெள்ளையெல்லாம் தம்பிக்குப் போனது, மஞ்சள் கரு மற்றவர்களுக்கு வந்தது. "உன் மாமன் உடம்பை வளக்குறான், நாம மிச்சத்தை வளக்குறோம்" என்று மாமா தன் மகளிடம் சொல்வார். அது என்னவோ பெரிய ஜோக் என்று அந்தக் குழந்தையும் விழுந்து விழுந்து சிரிக்கும். கறி சமைத்த நாளில் பெரிய துண்டுகள் தம்பி தட்டில் விழும். மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொள்வார்.

இத்தனைக்கும் உடம்பு அசைந்துகொடுக்கவில்லை. ஓய்வு போதவில்லை. ஓய்வு கடையில் கிடைக்கிற சரக்கா என்ன? ஒருத்தன் சும்மா இருக்க வேண்டுமென்றால் அவன் வேலையை இன்னொருத்தன் இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும். அந்த இன்னொருத்தர் ரொம்ப தூரத்தில் இல்லை, சாமானுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்.

"மாமா, முட்டி வலிக்குது. கீழ நின்னு தாங்க முடியல" என்றான் ஒரு காலையில்.

"எந்த முட்டி?"

"வலது."

மாமா அந்த முட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, மேல போ" என்றார்.

அன்றிலிருந்து மேல்பிடி அவனுக்கு, கீழ்பிடி மாமாவுக்கு. சோபாவா, கட்டிலா, புத்தக அலமாரியா, எதுவானாலும் அப்படித்தான். மாமா ஒரு தடவைகூட 'மாத்து' சொல்லவில்லை. முட்டி வலிக்கிறவனிடம் எப்படிச் சொல்வார்?

பயில்வானின் உடம்பு பொங்கி வந்தது. தோள் எழும்பியது, நெஞ்சு அகன்றது, பழைய சட்டைகளை அக்கா தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் அவன் பேரைச் சொல்லிச் சிரிப்பதில்லை. வீட்டுக்காரர்கள், "தம்பி எந்த ஜிம்?" என்று விசாரித்தார்கள். பின்னாலேயே கனத்தைத் தாங்கிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "பெரியவரே, சுவரு சுவரு" என்றார்கள். அதைக் கேட்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்திருக்க வேண்டும், இல்லை.

சாயங்காலங்களில் மாமா தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி நடப்பாள். "இன்னும் கொஞ்சம் கீழ மிதிடா கண்ணு" என்பார். பயில்வான் அவர்களைத் தாண்டிப் போய் டம்ளரில் புரோட்டீன் பவுடரைக் கலக்கிக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்புவான்.

புதுக் கிளை திறக்கிற நாள் நெருங்கியது. அந்த வாரக் கடைசியில் ஆளைப் பார்த்து முடிவு செய்வதாக முதலாளி சொல்லி அனுப்பினார். மறுநாள் வேலை இல்லை என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, பயில்வான் அன்று சாயங்காலம் கையும் முதுகும் தொய்ந்து போகும்வரை தூக்கினான். சீப்பை எடுத்துத் தலை வாரக் கை எழவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டுக்காரர் தேதியை மாற்றினார். விடிந்ததும் மேஸ்திரி போன் செய்தார்.

நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் இருந்தது, ஆனால் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் அதில் நுழையவில்லை. வழக்கம்போல மாமா கீழே நின்றார், இவன் மேலே. முதல் மாடியிலேயே இவன் முன்னங்கை வெடவெடத்தது. தாங்குகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு பட்டும் படாமலும் ஏறினான். விட்ட கனமெல்லாம் வேறெங்கே போகும்?

மூன்றாவது மாடியில் படி திரும்புகிற இடத்தில், ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மாத்து."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட அவரிடம் மூச்சு இல்லை. ஆனால் பயில்வானுக்குக் கேட்டது, நன்றாகவே கேட்டது. நின்றான். மாற்றினால் இந்தக் கையை வைத்துக்கொண்டு கீழே தாங்க முடியாது. தோளில் எங்காவது பிடித்துக்கொண்டால் முதலாளி முன்னால் எப்படி நிற்பது? ஒரு மாடிதானே, இவ்வளவு தூரம் வந்தவருக்கு இன்னும் ஒரு மாடி ஏற முடியாதா? ஒன்றும் காதில் விழாத மாதிரி அடுத்த படியில் பின்பக்கமாகக் காலை வைத்து இழுத்தான்.

சில படிகள் மாமாவும் வந்தார். பிறகு 'ஹக்' என்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜ் இவன் கையை விட்டு வழுக்கி, அவரையும் தள்ளிக்கொண்டு திருப்பத்துச் சுவரில் போய் மோதி நின்றது. மேலேயிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "ஐயோ, கதவு நசுங்கிடுச்சே!" என்றார். அதற்கப்புறம்தான் அவர் கண்ணில் ஆள் பட்டார்.

முதுகில் டிஸ்க் போய்விட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆனது. போகப் போகத் துணையோடு நடக்கலாம், ஆனால் இனி எதையும் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி பயில்வானைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மாத்து சொன்னாரா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல மேஸ்திரி."

மேஸ்திரி தலையை ஆட்டினார். "வீம்பு புடிச்ச மனுஷன். வாயத் தொறந்திருந்தா இந்த கதி வருமா?"

கூட்டம் முழுக்க அதே பேச்சானது. சொல்லாதது கீழே நின்றவன் தப்பு. பார்க்க வந்தவர்களும் பழத்தை வைத்துவிட்டு அதையே சொன்னார்கள். அக்காவும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புருஷனைப் பிடித்துத் திட்டினாள். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா உங்களுக்கு?" என்று அழுதாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பயில்வான் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தான்.

கோச் வேலை கிடைத்தது. முதலாளி அவனைச் சுற்றி வந்து பார்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான் இன்டர்வியூ. ஏசி, கண்ணாடிச் சுவர், 'கோச்' என்று நெஞ்சில் எழுதிய கறுப்பு டீ ஷர்ட். அக்கா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனாள். "நல்ல நேரத்துல தம்பி தலையெடுத்தான், இல்லேன்னா எங்க கதி?" என்று அவள் சொல்லும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்து சில வாரம் கழித்து, ஜிம் விடுமுறை நாளில், அவன் அவர் அறைக்குப் போனான். கட்டிலும் ஒரு ஸ்டூலும் போட்டால் நடக்க இடமில்லாத அறை. பக்கத்துச் சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ ஷர்ட் நல்லா இருக்கு" என்றார் மாமா.

"ரெண்டு குடுத்தாங்க மாமா."

"முட்டி எப்படி இருக்கு?"

"இப்ப பரவாயில்ல."

"முட்டி வலிக்கிறவன் எறங்கும்போது கைப்பிடியைப் புடிப்பான் மாப்ளே. நீ ரெண்டு ரெண்டு படியாத் தாவி எறங்குவே. எனக்கு மொத வாரமே தெரியும்."

அவன் டீ ஷர்ட்டின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அத விடு. நம்ம வீட்டுல ஒருத்தனாவது படியை விட்டு எறங்கட்டும்னுதான் நானும் கண்டுக்கல. நேராக் கேட்டிருந்தாலும் மேல்பிடியக் குடுத்திருப்பேன்." மாமா மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு மாத்துன்னு சொன்னேன். உனக்குக் கேட்டுச்சா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதைத்தான் அவர் எதிர்பார்த்தார். அது அவனுக்கும் புரிந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. இதைக் கேட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

"கேக்கல மாமா" என்றான்.

மாமா அவனையே பார்த்தார்.

"ஒரே ஃபிரிட்ஜைத்தான் ரெண்டு பேரும் புடிச்சிருந்தோம். நான் சொன்னதும் நீ நின்னே. நின்னது என் கையில தெரிஞ்சுது. அப்புறம்தான் இழுத்தே."

பிறகு மாமா பாத்ரூம் போக வேண்டுமென்று கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார். பயில்வான் பாய்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"நான் தூக்குறேன் மாமா."

"வேணாம்."

"அக்காவால முடியாது மாமா, நான்..."

"நீ வேணாம்பா. அவளை வரச் சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை, அக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தம்பியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், புருஷனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் உயரம் தம்பியின் நெஞ்சுவரைதான். பல்லைக் கடித்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, எப்படியோ அவரை எழுப்பி நிறுத்தினாள்.

"ஒதுங்கு" என்றாள்.

அவன் சுவரோடு ஒட்டி நின்றான். நெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டான், தோளைச் சாய்த்தான். அப்படியும் அவர்கள் இரண்டு பேரும் தாண்டிப் போக இடம் போதவில்லை. அவர் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு அக்கா காத்திருந்தாள். கடைசியில் அவன்தான் அறையை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது.