வினிஃப்ரெட் வரைந்த கனத்த படங்கள்

வினிஃப்ரெட் டக்வெல் வரைந்த முதல் படம், ஒரு காலித் தொட்டில், முப்பத்தோரு ராத்தல் இருந்தது. யார்க்‌ஷையர் மேட்டிலிருந்த மனநல மருத்துவமனையின் சமையலறையில், தராசிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு நிறுத்துப் பார்த்த எடை அது. கைக்குழந்தை செத்ததிலிருந்து வாய் திறக்காதவள், அன்று மாலை தேநீரில் சர்க்கரை போதவில்லை என்றாள். நோயாளிகள் வரைவதற்கென்று அங்கே ஓவியக் கொட்டகையை ஆரம்பித்த டாக்டர் க்ரௌச், ஒரு படத்தையும் கையால் தூக்காமலே துக்கத்தின் எடை பற்றி மூன்று கட்டுரைகள் எழுதிவிட்டார். செவ்வாய்தோறும் தொட்டில்கள் கனத்தன, அவள் தேறினாள். அடுத்த வசந்தத்தில் அவள் வரைந்த மஞ்சள் தேநீர்க் கெட்டில் காகிதத்தோடு எழும்பிப்போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது.

“வீட்டுக்குப் போகட்டுமா டாக்டர்? என் மக ஹேஸலுக்கு ஆறு வயசாச்சு. அக்கா வீட்டுல விட்டிருக்கேன்.”

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். “இது மழுப்பல், மிஸஸ் டக்வெல். உள்ள இருக்கறத மறைக்கிறீங்க.”

“உள்ள ஒண்ணும் இல்லையே.”

“பாத்தீங்களா!” என்றார், உடன் வந்த மாணவர்களிடம்.

அடுத்த செவ்வாய் அவள் ஹேஸலின் செருப்பை வரைந்தாள். “பொணத்தையே ஒத்தையாத் தூக்கினவன் நான், ஒரு தாளத் தூக்க முடியலையே!” என்றான் பணியாள் சிட். இவ்வளவு துக்கம் உள்ளவளை எப்படி வெளியே அனுப்புவது என்றார் டாக்டர். லேசாக வரைந்தால் மழுப்பல், கனமாக வரைந்தால் நோய். மகளின் பின்னலை, இருமலை, ரொட்டியின் ஓரத்தை ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை, வாரத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று வருஷம் தாளில் இறக்கினாள். தரை இரண்டு முறை உள்வாங்கியது. அடியில் இரும்பு உத்திரம் போட்டார்கள். உத்திரத்தைத் திறந்துவைக்க வந்த பிரமுகர், கலையின் குணமாக்கும் ஆற்றல் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் வினிஃப்ரெட் நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பினாள். அதன்பின் அவள் ஏப்ரன் பையில் இஸ்திரிப்பெட்டி போட்டுவைத்தார்கள்.

க்ரௌச் ஓய்வுபெற்றார். புதிய டாக்டர் சோதித்து, துக்கம் துளியும் இல்லையென்று கையெழுத்திட்டார். பத்தொன்பது வயது ஹேஸல் வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பஸ் கண்டக்டர் எடையைப் பார்த்து அரை டிக்கெட் கொடுத்தார்.

“யாரு கண்ணு நீ?” என்று வினிஃப்ரெட் சிரித்தபடி கேட்டாள். “தங்கமான பொண்ணா இருக்கியே! உங்கம்மா எங்க?”

இப்போது செவ்வாய்தோறும் ஹேஸல் அவளைச் சமையலறை மேசைக்காலில் தளர்வாகக் கட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போகிறாள். பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் ‘அம்மாவை’ என்று எழுதுகிறாள். காவலாளி படங்கள் இருக்கும் அறையைத் திறந்து, நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்.