தடித்த எழுத்துகளுக்கு நடுவே

திரையின் நடுவில் அந்தச் சிறிய பெட்டி மறுபடியும் வந்து நின்றது. சரோஜினிதேவி கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தாள். யாரோ உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவதுபோலப் பெட்டி ஒரு கணம் மறைந்து, திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டது.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்தத் தேயிலைக் கம்பனியில், கணக்குப் பகுதியில் எல்லாருக்கும் மெயில் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை எல்லாரும் கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்று உத்தரவு வந்து, எல்லாரும் மாற்றினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. ஊழியர்களின் பெயர்கள் கொழும்பில் ஒரு கணினியில் இருக்கின்றன, மெயில் அங்கே போய்க் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடுகிறது என்று கணினிப் பகுதி ராஜலிங்கம் ஒருமுறை விளக்கியிருந்தான். அப்படியானால் அங்கே தன் பெயர் இல்லையோ என்று அவள் நினைத்தாள். போன வாரம் பொலிஸ் வந்து, அவளைப்போல யாழ்ப்பாண விலாசம் உள்ளவர்களின் விபரம் கேட்டுப் போயிருந்தது. அன்று மனேஜர் ராஜலிங்கத்தை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு தேநீர் வேளையில் அவன் அவளுடைய மேசைப்பக்கம் வரவில்லை. மெயிலைப் பற்றிச் சொன்னபோதும், கொழும்பிலிருந்து பார்க்கவேண்டும் மிஸ் என்று இரண்டு நாள் கடத்தினான்.

தம்பி பாலேந்திரனின் கடைசி மெயில் அவளுக்கு மனப்பாடம். சண்டையில் தரைப்பாதை மூடியதிலிருந்து யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே வரக் கப்பல்தான் வழி. பெயர் குடுத்திட்டன் அக்கா, நாள் கிடைச்ச உடனை எழுதுறன், கப்பல் வந்து இறங்கிற திருகோணமலையில நீ வந்து நிண்டு கையெழுத்து வைக்காட்டி என்னை வெளியில விடமாட்டினம் என்று எழுதியிருந்தான். அவன் இருந்த பக்கம் தொலைபேசி இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் இந்த அலுவலக மெயில்தான்.

வியாழக்கிழமை பத்தரை மணிபோல ராஜலிங்கம் வந்தான். கண்டி மஹய்யாவக்காரன், மெலிந்த ஆள். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கடவுச்சொல்லைச் சொல்லவேண்டுமா என்று கேட்டாள்.

"எனக்கு அது வேணாம் மிஸ். அது இல்லாமலே உள்ள போகலாம்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவன் தன் மடிக்கணினியில் நீண்ட பட்டியல் ஒன்றைத் திறந்தான். பெயர் இருக்கிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனால் கணக்குப் பூட்டியிருக்கிறது என்றான். ஐந்து முறை பிழையாக அடித்தால் தானே பூட்டிவிடுமாம். முந்தாநாளும் நேற்றும் இன்றும் காலையில் அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே யாரோ அவள் பெயரில் பிழையாக அடித்திருக்கிறார்கள். அவன் குரல் தணிந்தது.

"மிஸ், உங்க பாஸ்வேர்ட யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"நான் ஏன் குடுக்கிறன்? எல்லாற்ற பூட்டுக்கும் திறப்பு உங்களிட்டைத்தானே கிடக்கு."

அவர்கள் இருவரும் ஒரே திரையைப் பார்ப்பதுபோல, ஓரக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில், பிழையாக அடித்த கணினியின் பெயரில் அவன் விரல் நின்றது. பன்வில பக்டரி. கம்பனியின் தேயிலைத் தொழிற்சாலை அது; மார்ச் மாதம் இருப்புக் கணக்கெடுக்க அவள் அங்கே ஒரு வாரம் இருந்தாள். அங்கிருந்த கணினியில் தன் மெயிலைப் போட்டு, பழைய கடவுச்சொல்லைச் சேமித்துவைத்தவள் அவள்தான். அதை எடுக்க மறந்திருந்தாள்; அந்தக் கணினி இன்னும் பழையதையே அடித்துக்கொண்டிருந்தது.

ராஜலிங்கம் பக்டரிக்குப் போன் எடுத்து, அவளுக்கும் கேட்கும்படி வைத்தான். எடுத்தவள் பக்டரி அலுவலகத்தில் கொழுந்து நிறுத்த சீட்டுகளைப் பதியும் வேலாயி. காலையில் சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு, கணினிக்கும் திருநீறு வைத்துத் திறப்பது அவள் வேலை. திறந்ததும் ஒரு பெட்டி வருமா என்று கேட்டான்.

"வருதுங்க சார், திங்கக்கெழமையில இருந்து. ஓகே அமுத்துறேன். திரும்ப வருது, திரும்ப அமுத்துறேன். அது ஓயிற வரைக்கும் ஓகேதாங்க."

"கேன்சல் அமுத்த வேண்டியதுதானே?"

"அய்யோ, அது பயமுங்க. சந்தியில ஆமிக்காரங்க என்ன கேட்டாலும் சிங்களத்துல ஹரி மாத்தயா, சரிங்க ஐயான்னு சொல்லிட்டு வந்துருன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லி வச்சிருக்காரு. இல்லேன்னு மட்டும் சொல்லிறாதன்னாரு. பொட்டிக்கும் அப்படியே பழகிப்போச்சு."

சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்தது. ராஜலிங்கமும் சிரித்தான். போன வாரத்திலிருந்து நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று கரைவதுபோல இருந்தது. அவன் வேலாயியிடம் எதை எங்கே அழுத்தி அந்தக் கணக்கை எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு தன் கணினியில் பூட்டைத் திறந்துவிட்டு, இப்ப அடிங்க மிஸ் என்றான். அவள் அடித்தாள். பெட்டி போனது, திரும்பி வரவில்லை.

மடல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்னும் யாரும் வாசிக்காதவை என்பதால் எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. கொழும்பிலிருந்து ஒன்று, ஏலத்தைப் பற்றி ஒன்று. மூன்றாவதாகத் தம்பியின் பெயர் இருந்தது. அது மட்டும் மெல்லிய எழுத்தில் இருந்தது.

திறந்தாள். செவ்வாய்க்கிழமை வந்த மெயில். வெள்ளிக்கிழமை கப்பல், வந்து நிற்பாயா, ஏறுவதற்கு முன் ஒருமுறை மெயிலைப் பார்ப்பேன், பதில் போடு என்று இருந்தது. இரண்டு வரிதான். அவள் அதை இரண்டாவது ஆளாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜலிங்கம், இதை ஆர் திறந்தது?"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு மனேஜரின் சாத்திய கதவைப் பார்த்தான். மடிக்கணினியை மூடி, கதிரையை இருந்த இடத்தில் வைத்தான். வேலாயியிடம் பேசிய குரலில் அல்ல, வேறொரு குரலில் சொன்னான்.

"பதில் இங்கேருந்து எழுதாதீங்க மிஸ்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வீதியைக் கடந்து, போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஜவாஹிரின் கொமியூனிகேஷன் கடைக்குள் போனாள். கடையில் ஒரு கணினி காலியாக இருந்தது. ஜவாஹிர் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ஐடென்டிய ஒருக்காக் காட்டுங்க தங்கச்சி. நான் கேக்கிறல்ல, பொலிஸ் பாக்கச் சொல்லியிருக்கி."

பைக்குள் கைவிட்டாள். யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டை விரலில் பட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பஸ்களின் கூரைகளுக்கு மேலே, அலுவலக மாடியின் ஜன்னல் தெரிந்தது. அவளுடைய கதிரையில் யாரோ இருந்தார்கள். வெள்ளைச் சட்டை, முன்னால் குனிந்த தலை. ராஜலிங்கமும் வெள்ளைச் சட்டைதான், மனேஜரும் வெள்ளைச் சட்டைதான். இவ்வளவு தூரத்திலிருந்து தோள்களை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை.

"ஓம், தாறன்" என்றாள். கை பையைவிட்டு வெளியே வரவில்லை.