ஃபிளெக்ஸில் மடங்கிய மூலை

அப்பாவின் நகக்கண்களில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் ஜெயசுதா. வாசலில் கம்பு நடும் சத்தம். நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். கூலிங் கிளாஸோடு கைகூப்பிச் சிரிக்கும் ஊராட்சித் தலைவர் இளஞ்செழியன் அதில் ஆளுயரம். செத்துப்போன அப்பா கந்தசாமி அதில் பாதிகூட இல்லை. கட்டாத மூலை ஒன்று காற்றில் மடங்கிக் கிடந்தது.

"இன்னாடா இது?"

தம்பி சுபாஷ் கயிற்றைப் பல்லில் கடித்தபடி சொன்னான். "பிரசிடெண்டு வெக்கச் சொன்னாருக்கா. மாலையோட வந்துகினு இருக்காரு."

"அப்பாவ இன்னா பண்ணாருன்னு மறந்துட்டியா?"

"எனக்கு வேல குடுத்துருக்காருக்கா. சும்மா இரு."

மறக்கிற விஷயமா அது? மணலூர்பேட்டையில் கடைகடையாகப் பெயர்ப்பலகை எழுதிய மனுஷன், போன வருஷம் தன் வீட்டுச் சுவரில் ஒரு படம் போட்டார். ஆற்று மணலை லாரியோடு விழுங்கி, வயிறு புடைத்து நிற்கும் எருமை. அதற்குத் தலைவரின் மீசை, தலைவரின் கூலிங் கிளாஸ். ஊரே நின்று சிரித்தது. மூன்றாம் நாள், தலைவரின் ஆட்கள் வந்து அப்பாவின் கையாலேயே அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க வைத்தார்கள். அப்புறம் அவர் எழுத்து மட்டும்தான் எழுதினார்.

கார் வந்து நின்றது. சென்ட் வாசனை ஊதுபத்தியை அமுக்கியது. தலைவர் மாலை போட்டார். போட்டோக்காரன் தவறவிட்டுவிட்டதால் எடுத்து, மறுபடியும் போட்டார்.

"எங்கூடப் பொறந்தவரு மாதிரிங்க," என்றார், கேமராவைப் பார்த்து.

ஜெயசுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தம்பியிடம் போனாள். "அத அவுறுடா. அதுங்கீழ அப்பாவத் தூக்க வுடமாட்டேன்."

அவளே கயிற்றைப் பிடித்தாள். காற்றடித்தது. மடங்கியிருந்த மூலை விரிந்தது.

அப்பாவுக்கு வேறு போட்டோ கிடையாது. ஃபிளெக்ஸ் அடிக்க சுபாஷ் தன் போனிலிருந்து சரியாகப் பார்க்காமல் அனுப்பியது, அந்த எருமைச் சுவரின் முன்னால் அப்பா நின்றபோது எடுத்தது. வெட்டியதுபோக மிஞ்சிய எருமை, அதே மீசை, அதே கூலிங் கிளாஸ், அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து தலைவரைப் பார்த்து நின்றது.

ஒப்பாரியை நிறுத்தினாள் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள். "அய்ய! இது நம்ம எரும இல்ல?"

பெண்கள் முழங்காலில் முகம் புதைத்தார்கள். முதுகுகள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நினைத்த தலைவர் அவர்களைப் பார்த்தும் கைகூப்பினார்.

சுபாஷுக்கு வேர்த்துவிட்டது. "அக்கா... அவுத்துடட்டா?"

ஜெயசுதா படபடத்த மூலையை இழுத்துக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு. பிறகு துணியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த விரல்களைத் துடைக்கப் போனாள்.