ஒற்றைக் கைப் பழக்கம்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஜீவனஹள்ளி ஷெட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள் சரளா. ஆம்புலன்ஸின் தரையில் ரத்தமும் வாந்தியும் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. பினாயிலை ஊற்றி, முட்டி போட்டு, நார்ப் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஸ்ட்ரெச்சர் உருளும் பள்ளத்துக்குள் போய் ஒளிந்துகொண்ட ரத்தம் லேசில் வராது; அதற்குப் பழைய டூத் பிரஷ் வேண்டும். பெங்களூரின் மார்கழித் தண்ணீர் விரல் நகத்துக்குள் இறங்கிக் குடைந்தது. அவள் சட்டை முதுகில் ‘எமர்ஜென்சி டெக்னீஷியன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வண்டி கழுவுவதும் எமர்ஜென்சிதான் போலும்.

தினேஷ் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்து வைத்தான். அவனும் டெக்னீஷியன்தான், சரளாவுக்கு ஜோடி. டிரைவர் கிருஷ்ணப்பா பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று போன்களும் ஒரே சமயத்தில் சிணுங்கின. முதலாளி ஜெயராமன் குரூப்பில் செய்தி போட்டிருந்தார். எல்லோருக்கும் சி.பி.ஆர். சர்டிபிகேட் காலாவதியாகிறது. மாதக் கடைசிக்குள் புதுசு வாங்காதவர்களுக்கு டூட்டி கிடையாது. கீழே ஒரு லிங்க். வீடியோ பார்த்து, கேள்விக்குப் பதில் தட்டினால் போதும், சர்டிபிகேட் போனுக்கே வந்துவிடும்.

நின்றுபோன நெஞ்சை அமுக்கி மறுபடி ஓட வைப்பதைப் போனில் தட்டிக் கற்றுக்கொள்வதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவர்கள் இந்தக் காலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“விவேக் நகர்ல ஒரு சென்டர் கீது. நேத்து போன் பண்ணிக் கேட்டேன்” என்றாள் சரளா. “ரெண்டு நாள் கிளாஸ். டம்மிய கீழ படுக்க வெச்சு நம்மள அமுக்கச் சொல்வாங்களாம்.”

“ரெண்டு நாள் போனா இந்தாளு சம்பளத்த வெட்டிடுவான்க்கா.”

“அது மட்டும் இல்லடா. சரியா அமுக்கலன்னா பாஸ் போட மாட்டோம்னு அங்க கிளாஸ் எடுக்குற பார்கவி மேடம் கறாரா சொல்லிட்டாங்க.”

அதைக் கேட்டதும் தினேஷ் முகம் மாறியது. உண்மையைச் சொன்னால், சம்பள வெட்டைவிட அந்த வார்த்தைதான் மூவரையும் உலுக்கியது. வருஷக்கணக்காக இதே வேலை. தெருவில் போனால் ‘ஆம்புலன்ஸ்காரர்’ என்று நாலு பேர் வழிவிடுகிறார்கள். அங்கே போய் ரப்பர் பொம்மையிடம் தோற்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

“சாக்கும்மா, போதும், லிங்க்கே இருக்கட்டும்” என்று பானெட்டைச் சாத்தினார் கிருஷ்ணப்பா. தினேஷ் வீடியோவை வேகமாக ஓடவிட்டு, ஷெட்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தானே பதில் தட்டினான். டீ வருவதற்குள் தங்க நிறப் பார்டர் போட்ட சர்டிபிகேட்டுகள் வந்து விழுந்தன. சரளாவும் தன்னுடையதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பக்கத்தில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஹெப்பகோடியிலிருந்து அழைப்பு. ஒரு பாக்டரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அய்யாவு என்பவர் மூட்டையோடு சரிந்துவிட்டார். வண்டி போய்ச் சேர்ந்தபோது சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். பேச்சு இல்லை, மூச்சு இல்லை. சுற்றிலும் வேலையாட்கள் வட்டம் கட்டி நின்றார்கள்.

தினேஷ் ஓடிப்போய் முட்டி போட்டான். வலது உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கத் தொடங்கினான். இடது கை தானாக மேலே எழுந்தது. எழுந்து, தலைக்கு மேல் எதையோ தேடி விரல்களை மடக்கி, காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கம்பெனியில் வண்டி நடுவழியில் நிற்கவே கூடாது. முதலாளி ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாக வேண்டும். நின்றால் போனில் வசவு. ஆடுகிற வண்டிக்குள் இவர்கள் நின்றபடி, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெஞ்சை அமுக்குவார்கள். விழாமல் அமுக்குகிறவன் கெட்டிக்காரன். புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே கம்பியைப் பிடிக்கத்தான். அந்தப் பழக்கம் எலும்பில் ஏறி, ஆடாத தரையிலும் கம்பியைத் தேடியது.

“இன்னா சார், கைய எதுக்குத் தூக்கினுகீறீங்க?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சுப் பையை அமுக்கிய சரளா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “டேய், ரெண்டு கையும் போடுறா!”

போட்டான். நாலு அமுக்கு அமுக்குவதற்குள் இடது கை மறுபடி மேலே போய்விட்டது. ஒற்றைக் கையின் பலத்துக்கு அய்யாவுவின் நெஞ்சு அசைந்தே கொடுக்கவில்லை. சரளா மூச்சுப் பையைக் கிருஷ்ணப்பாவிடம் தள்ளிவிட்டு, தினேஷை இடித்து ஒதுக்கி, இரண்டு கைகளையும் கோத்துத் தன் முழுப் பாரத்தையும் இறக்கினாள். சரியான ஆழம்தானா, சரியான வேகம்தானா, அவளுக்கே நிச்சயமில்லை. வியர்வை சொட்டச் சொட்ட அமுக்கினாள். கடைசியில் கழுத்தில் லேசாக ஒரு துடிப்பு தட்டுப்பட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “உயிர் இருக்கு. நினைவு திரும்புமான்னு இப்போ சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே நின்ற தினேஷிடம் ஓடிவந்தாள் அய்யாவுவின் மனைவி லட்சுமம்மா. அதே பாக்டரியில் கூட்டிப் பெருக்குகிறவள். அவன் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இந்தக் கைதாம்பா அவர இழுத்துனு வந்துச்சு. உன் புள்ளக்குட்டி நல்லா இருக்கணும்.”

அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கையை உருவவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. “என் கை இல்லம்மா, அக்காதான்” என்று முனகினான். லட்சுமம்மா சரளாவைப் பார்த்துக் கும்பிட்டாள். சரளா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீணாய்ப் போன முதல் நிமிஷங்கள் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தன. அவள் போனிலும் அந்தத் தங்கப் பார்டர் இருந்ததே.

சாயங்காலம் ஷெட்டில் எல்லோரும் கூடும் நேரத்தில் தினேஷ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூத்த டெக்னீஷியன் கோவிந்தன், “உடு மச்சா, கூட்டத்தப் பாத்து பயந்துட்ட” என்று சிரித்தார்.

“அப்டின்னா நீங்க அமுக்கிக் காட்டுங்கண்ணா.”

தினேஷ் ஒரு மணல் மூட்டையைத் தரையில் போட்டான். கோவிந்தன் லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு கையும் மூட்டைமேல் இருந்தன. மூச்சு வாங்கியதும் இடது கை மேலே போனது. சிரிப்பு நின்றது. அடுத்து சோனியா உட்கார்ந்தாள், நைட் டூட்டிக்காரி. அவள் கையும் போனது. ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள்.

“இத்தினி பேர ஏத்தினு போயிருக்கோம்...” என்று தொடங்கிய சோனியா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கம் ஒருவர் நெஞ்சில் இருந்தால் அது அவரைத் தின்றுவிடும். அன்று அது ஷெட்டில் இருந்த எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது.

சரளாதான் பேசினாள். “அந்த லிங்க் சர்டிபிகேட்ட யாரும் காட்ட வேணாம். எல்லாரும் விவேக் நகர் போலாம், முறை வெச்சுப் போலாம், வண்டி நிக்காம. ரெண்டு நாளையும் டூட்டியா போடச் சொல்லுவோம். அமுக்குறப்ப வண்டிய நிறுத்தணும்னும் சொல்லுவோம்.”

“பெயிலானா?” என்றார் கோவிந்தன்.

“ஆனா ஆவோம்ணா. டம்மிகிட்ட ஆவோம். திரும்பக் கத்துக்குவோம்.”

அதையே குரூப்பில் போட்டார்கள். மறுநாள் விடியற்காலையிலேயே ஜெயராமனின் கார் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வேனில் வேறொரு ஸ்டாண்டைச் சேர்ந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“ரெண்டு சர்டிபிகேட்லயும் ஒரே எழுத்துதானே இருக்கு?” என்றார் கார்க் கதவைச் சாத்தியபடி. “எங்க படிச்சேன்னு எந்த ஆஸ்பத்திரிக்காரன் கேக்கறான்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“யாரும் கேக்கல சார்” என்றான் தினேஷ். “அந்தம்மா என் கையக் கண்ணுல ஒத்திக்கிச்சு. அதான் தாங்கல.”

“அப்போ வேலை தெரியாதுன்னு நீயே ஒத்துக்கறியா?”

தினேஷின் காது மடல் சிவந்தது. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “ஆமா சார். தெரியாது.”

ஜெயராமன் இதை எதிர்பார்க்கவில்லை. சரளா முன்னால் வந்தாள். “எனக்கும் தெரியாது சார். நிறுத்தாத நிறுத்தாதன்னு நீங்க வெரட்டி வெரட்டி, ஒத்தக் கையில அமுக்கப் பழகிட்டோம். இதுல எங்க பங்கு வெக்கத்த நாங்க எடுத்துக்கினோம். உங்க பங்கு உங்களாண்டதான் கீது.”

“வெக்கமா? நான் எதுக்கும்மா வெக்கப்படணும்? ஆள் இல்லாமலா போச்சு?” அவர் வேன் பக்கம் திரும்பினார். “ஏறுங்கப்பா வண்டியில. இவங்க வீட்டுக்குப் போகட்டும்.”

வந்தவர்கள் பையோடு நகர்ந்தார்கள். முன்னால் போனவனுக்குச் சட்டைப் பையில் சீனு என்று பெயர் குத்தியிருந்தது. சரளா வழி மறிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சீனு, நீ எங்கப்பா படிச்ச?”

படியில் வைத்த காலோடு அவன் நின்றான். ஜெயராமனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “லிங்க்குதாங்க்கா.”

“டம்மிய ஒரு வாட்டியாச்சும் அமுக்கிப் பாத்துகீறியா?”

“இல்ல.” அவன் குரல் உள்ளே போய்விட்டது. “எங்க ஸ்டாண்ட்லயும் கம்பியப் புடிச்சினுதாங்க்கா.”

அவன் படியிலிருந்து காலை எடுத்தான். வந்து தினேஷின் பக்கத்தில், தலையைக் குனிந்தபடியே நின்றான். அவனோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஜெயராமன் என்னென்னவோ கத்தினார். வேலை போகும் என்றார், ஊரில் எந்தக் கம்பெனியிலும் சேரவிடமாட்டேன் என்றார். வேலை போனாலும் போகலாம், அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். ஆனால் அந்த வரிசை கலையவில்லை.

ஷெட்டின் போன் அடித்தது. காக்ஸ் டவுனில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டாராம். ஒரு நொடிகூட யாரும் யோசிக்கவில்லை. சரளாவும் தினேஷும் பின்னால் தாவி ஏறினார்கள். “நானும் வரேன்க்கா, மூணாவது ஆள் இருந்தா மாத்தி மாத்தி அமுக்கலாம்” என்று சீனுவும் ஏறினான்.

“டூட்டி போட நான் இன்னும் சொல்லலை!” என்று ஜெயராமன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கோவிந்தனும் சோனியாவும் ஆளுக்கொரு பக்கம் வந்து அவர் அருகில் நின்றார்கள். மற்றவர்களும் வந்தார்கள். அவர் ஒதுங்கினார்.

கிருஷ்ணப்பா சாவியைத் திருகிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “சார், இவங்க நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவேன். ரோட்டு நடுவுல ஆனாலும் நிறுத்துவேன். எனக்குப் போன் பண்ணாதீங்க.” பிறகு பின்னால் திரும்பாமலேயே சொன்னார். “தினேஷா, நீ அமுக்கறப்ப வண்டி ஆடாது, நான் நிறுத்திடறேன். நீ ரெண்டு கையும் போட்டு அமுக்கு.”