வில்ஃப் போட்ட முடிச்சு

தண்ணீர்க் குழாய்களையெல்லாம் வடித்தாயிற்று. டீசல் தொட்டியை முட்ட நிரப்பியாயிற்று. புகைபோக்கியைக் கழற்றி, அந்த ஓட்டையின்மேல் ஒரு காலி பட்டாணி டப்பாவையும் கவிழ்த்தாயிற்று. கயிறு கட்டுவதுதான் பாக்கி என்று வில்ஃப் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குளிர்காலம் முழுக்க அவன் குடியிருக்கும் 'ப்ரிம்ரோஸ்' படகு ஆளில்லாமல் கால்வாயில் கிடக்கும். மறுநாள் அவனும் மனைவி ஹில்டாவும் லெஸ்டரில் அவள் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"கொஞ்சம் தளர்த்திக் கட்டுய்யா. மடைக்கதவை ரிப்பேர் பண்ணத் தண்ணிய இறக்கப்போறாங்க. படகு அந்தரத்துல தொங்கும்" என்றாள் ஹில்டா.

"தொங்கட்டும். தளர விட்டா ராத்திரி பூரா கரையில முட்டிக்கிட்டே கிடக்கும். லெஸ்டர்ல படுத்திருந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் கேக்கும்."

"நான் பக்கத்துல நின்னு கத்தினாலே உனக்குக் கேக்காது."

"அது காதோட குத்தமில்ல. போய் டீயைப் போடு."

அவள் இரண்டு கோப்பையோடு வந்தபோது இரண்டு கயிறும் விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தன. வில்ஃப் வேலியில் சாய்ந்து, வேலை முடித்தவனின் திருப்தியோடு உட்கார்ந்திருந்தான். டீயை நீட்டியும் கை நீளவில்லை. டீயை வேண்டாமென்கிற ஆளில்லை அவன். அதில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

ஹில்டா லெஸ்டருக்குப் போகவில்லை. பட்டாணி டப்பாவை எடுக்க மனமில்லாமல் அடுப்பும் மூட்டாமல், இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு படகிலேயே இருந்தாள். கயிற்றைத் தளர்த்த வந்த பக்கத்துப் படகு டெஸ்மண்டைத் துடைப்பத்தோடு துரத்தினாள்.

"அவன் கை கடைசியாப் பட்டது அதுலதான். தொட்டே, கையை ஒடிப்பேன்."

அடக்கம் நடந்த அன்று காலையில்தான் தண்ணீரை இறக்க ஆரம்பித்தார்கள். கல்லறையிலிருந்து எல்லோரும் சாப்பிடப் படகுக்குத் திரும்பியபோது கரைப்பக்கம் கயிற்றில் தொங்க, மறுபக்கம் தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருந்தது அது. துக்க வீட்டில் தரை சாய்ந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மேல்பக்கம் உட்கார்ந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வில்ஃபின் நல்ல குணங்களைப் பாதிரியார் சொல்லிக்கொண்டிருக்கையில் பழ கேக் மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தது. பேச்சை நிறுத்தாமலே அவர் அதை ஒரு கையால் தடுத்தார். பிறகு அவரே வழுக்கிப்போய் டெஸ்மண்டின் மனைவி பெரிலின் மடியில் விழுந்தார்.

"பரவால்ல ஃபாதர், இருங்க" என்றாள் பெரில். "எந்திரிச்சாலும் திரும்ப இங்கதான் வருவீங்க."

டெஸ்மண்ட் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா, கழுவுதொட்டித் தண்ணி வெளிய போற ஓட்டை கால்வாய்த் தண்ணிக்கு நாலு விரல் மேலதான் இருக்கு. அது முங்கினா தண்ணி உள்ள ஏறும், படகு போச்சு. கயித்தை அவுக்கவும் முடியாது, அவ்வளவு இறுகிடுச்சு. வெட்டணும்."

ஹில்டா ஹாம் சாண்ட்விச்சுத் தட்டைச் சாய்வுக்கேற்பச் சரித்துப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு இருந்த வீடு இது ஒன்றுதான். அவனுக்கும்.

"முடிச்சு எங்க இருக்கு?" என்றாள்.

"கரையில, இரும்பு வளையத்துல."

"அப்போ படகுப் பக்கமா வெட்டு. முடிச்சுல கத்தி படக் கூடாது."

வெட்டவேண்டியது இரண்டு கயிறு, இரண்டையும் ஒரே நேரத்தில். டெஸ்மண்ட் முன்பக்கம் போனான். பின்பக்கத்துக்குத் துணிந்தவர் பாதிரியார் ஒருவர்தான். அங்கி முழங்காலுக்கு மேல் ஏற, ரொட்டிக் கத்தியோடு தவழ்ந்து போனார்.

"எல்லாரும் அவங்கவங்க தட்டைப் பிடிச்சுக்குங்க" என்றாள் ஹில்டா. "ஒண்ணு... ரெண்டு..."

மூன்று சொல்லுமுன் பாதிரியார் அறுத்துவிட்டார். டெஸ்மண்டும் அவசரமாக வெட்டினான். படகு குதித்தது, டீ கூரைவரை போனது, அலை கரையேறி ஒரு வாத்தைப் பாதையில் கொண்டுபோய் வைத்தது. பிறகு எல்லாம் நேராகின. டெஸ்மண்ட் வேறு கயிற்றைத் தளர்வாகக் கட்டினான். அன்றிரவு முழுக்கப் படகு கரையில் முட்டிக்கொண்டே இருந்தது. வில்ஃப் சொன்னது சரிதான், தூங்க முடியாத சத்தம். ஹில்டா விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பட்டாணி டப்பாவை எடுத்துவிட்டு அடுப்பை மூட்டினாள். வசந்தத்தில் படகை அவளே ஓட்டிக்கொண்டு வடக்கே போனாள்.

கரையில் இரண்டு வளையங்களிலும் முழ நீளத்துக்குக் கயிறு தொங்குகிறது. முடிச்சு இறுக்கமாகவே இருக்கிறது.