இனித்துப்போன ஆம்ப்ருஷ்

அந்த வருடம் அக்டோபரில் போத்ரோக் ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் டோல்ச்வா ஊரின் திராட்சைச் சரிவுகளுக்குப் போகாமல் எடெல்காவின் வீட்டுக்குள் புகுந்து, பத்தொன்பது நாள் அங்கேயே தங்கிவிட்டது. ஊரார் இதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. டோகாய் மலைப்பக்கத்தில் பனி பொதுச்சொத்து. காலைப் பனியும் மதிய வெயிலும் மாறி மாறி வந்தால்தான் கொடியிலேயே சாம்பல் பூஞ்சை பிடித்துப் பழம் சுருங்கும்; சுருங்கிய பழம்தான் தேனாக இனிக்கும்; அதில்தான் அந்தப் பொன்னிற ஒயின். பாதிப் பழம் முன்பே சுருங்கியிருந்ததால் அறுவடை பிழைத்துக்கொண்டது. இருந்தாலும் பனியை ஒரே வீடு வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று சர்ச் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் எடெல்காவின் கணவன் ஆம்ப்ருஷ் முழங்கால் பிசகிப் படுத்திருந்தான். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவன் கை நீட்டாத மாதம் கிடையாது. அவன் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே அடி முகத்திலா முதுகிலா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பகலெல்லாம் அவள் சரிவில் சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்; இரவில் கொட்டகையில் படுத்துக்கொண்டாள். அதனால் பனி அவளைத் தொடவில்லை. ஆம்ப்ருஷின் தோளில் சாம்பல் பூஞ்சை படர்ந்து, மேனி சுருங்கி, அறையெங்கும் தேன் வாசம் வீசியது. பனி விலகிய அன்று சூப் கொண்டுபோனவளிடம், "கை ஜில்லுனு இருக்கே, அடுப்புக்கிட்ட வந்து உக்காரு" என்றான். எடெல்கா கிண்ணத்தை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை.

வைத்தியர் வந்து பூஞ்சையைச் சுரண்டி முகர்ந்தார். பழத்தில் பிடிப்பதுதான், காய்ச்சல் இல்லை, மருந்தும் இல்லை என்றார். குளவிகள் ஆம்ப்ருஷின் தோளில் உட்கார்ந்து, கொட்டாமல் எழுந்து போயின. அவன் விறகு பிளந்தான், பீன்ஸ் உரித்தான், ஒவ்வொரு வேலைக்கும் நன்றி சொன்னான். இரவானால் எடெல்கா அவனுடைய இடுப்பு வாரையும் கோடரியையும் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தாள். அவளுக்குத் தூக்கம் போயிற்று.

"உனக்கென்னடி குறைச்சல்? அந்தப் பனிய எங்க வீட்டுக்கும் ரெண்டு நாள் அனுப்பேன்" என்றாள், கொடி வரிசையில் பக்கத்தில் நின்று வேலை செய்த ரொஸாலியா.

எடெல்கா சிரிக்கவில்லை. "முன்னாடி எப்ப அடிப்பார்னு தெரியும். இப்ப தெரியலையே."

ஜூன் மாதம் கொடிகள் பூத்தன. கொடி பூக்கும்போது பீப்பாயில் இருக்கும் இனிப்பு ஒயின் விழித்துக்கொண்டு நுரைக்கும், இனிப்பைத் தின்று காரமேறும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆம்ப்ருஷின் மார்புக்குள்ளிருந்து அதே நுரைச் சத்தம் கேட்டது. எடெல்கா கரண்டியை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். குளிர்ந்த இடத்தில் வைத்தால்தான் ஒயின் அடங்கும். அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மூன்று நாள் தைரியம் தேவைப்பட்டது.

அவன் மறுக்கவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு, குன்றைக் குடைந்த நிலவறைக்குத் தானே நடந்து போனான். பீப்பாய்களின் நடுவே உட்கார்ந்துகொண்டு, "வெளிய பூட்டிக்கோ, எடெல். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான்.

அவள் பூட்டினாள். கதவில் காதை வைத்து நெடுநேரம் நின்றாள். நான்கு நாளில் இரைச்சல் அடங்கியது. ஆனாலும் அவள் அவனை மேலே கூப்பிடவில்லை.

அதன்பிறகு வருடங்கள் போயின. கொடி பூக்கும் நான்கு நாளும் கதவின் அடியிலிருந்த இடைவெளி வழியாகச் சூப்பைத் தள்ளிவிடுவாள். மற்ற நாட்களில் உள்ளே போய், சாவியை முஷ்டிக்குள் இறுக்கியபடி படியில் உட்கார்ந்து அவனுடன் வானிலை பேசுவாள். ஒருமுறை ஒயின் வாங்க வந்த வியாபாரி, பீப்பாய்களுக்கிடையே விளக்கை உயர்த்திப் பார்த்து, இவர் மேலே வருவதே இல்லையா என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்தான். குளிர்லயே இருந்தா அவருக்கு நல்லது" என்றாள் எடெல்கா.

வியாபாரி தொழில் தெரிந்தவர். அதுவும் சரிதான் என்று ஆம்ப்ருஷுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த பீப்பாய்க்கு நகர்ந்தார்.